ரசிகனின் கட்சி

1

2023 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸும் பஞ்சாபும். சென்னை மட்டை பிடித்த கடைசி ஓவரில் ரவீந்திர ஜடேஜா ஆட்டமிழந்தார். மைதானம் முழுவதும் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. டீக்கடையும் ஆர்ப்பரித்தது. நானும் கை தட்டினேன்.

கிரிக்கெட்டில் அக்கறையில்லாத கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, அவுட்டானவன் நம்மாளுதான? அதுக்கு எதுக்கு இப்பிடிக் கையத் தட்டுறீங்க?"

"அடுத்து தோனி வர்றாரு அண்ணாச்சி" என்றேன்.

"ஓகோ" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளாஸை எடுத்தார். அவருக்கு என் பதில் போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் இல்லை.

தோனி வந்தார். கடைசி இரண்டு பந்துகளையும் சிக்ஸர் அடித்தார். சென்னை 200 ஓட்டங்கள். பஞ்சாப் கடைசிப் பந்தில் மூன்று ஓட்டம் ஓடி வென்றது. கலைந்து போகும்போது தோல்வியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அந்த இரண்டு சிக்ஸர்களைப் பற்றியே பேச்சு. தன் அணி தோற்ற மாலையில் இவ்வளவு திருப்தியோடு ஒரு கூட்டம் வீட்டுக்குப் போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்ததும் இல்லை.

பத்து நாள் கழித்து, மே 10 அன்று டெல்லி அணியுடன் ஆடி முடித்தபின், ஆட்ட நாயகன் பரிசைப் பெற்ற ஜடேஜா சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: தான் முன்னதாக இறங்கினால், தான் எப்போது அவுட்டாவேன் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள் என்ற பொருளில். சொன்ன தோரணை வேடிக்கைதான். கைதட்டியவன் என்ற முறையில் எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

இந்தப் பக்கங்களில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சினிமா ரசிகனையும் கட்சித் தொண்டனையும் பற்றி நாம் ஐம்பது வருஷங்களாக எழுதிவருகிறோம். கட்-அவுட்டுக்குப் பாலூற்றுகிறவன் நமக்கு நிரந்தரமான உதாரண புருஷன். ஆனால் அவனை எப்போதும் நமக்கு வெளியே நிறுத்தி வைத்துத்தான் எழுதியிருக்கிறோம். அவன் பிரக்ஞையற்றவன், நாம் பிரக்ஞையுள்ளவர்கள் என்ற பாகுபாடு எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானமாகி விடுகிறது. இந்தத் தடவை கை தட்டியது நான். எனவே வெளியே நின்று பேசுகிற சௌகரியம் எனக்கில்லை.

2

ரசிகன் என்ற சொல் சபாவிலிருந்து வந்தது. கச்சேரியில் ஒரு இடம் கச்சிதமாக வந்து விழும்போது தன்னையறியாமல் தலையசைப்பவன் ரசிகன். அந்தச் சொல்லில் ருசி இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துப் பார்க்கும் ஆற்றல் இருக்கிறது. அது சினிமாக் கொட்டகைக்குப் போய் மன்றமும் கொடியுமாக ஆனபோது, எதை ரசிக்கிறான் என்பது பின்னால் போய், யாருக்கு ரசிகன் என்பது முன்னால் வந்தது. நான்காம் வேற்றுமை ஏறியவுடன் சொல்லின் சுபாவமே மாறிவிட்டது. இன்று அதுவும் போதாமல் 'வெறியன்' என்று இளைஞர்கள் தாங்களே பட்டம் சூட்டிக்கொள்கிறார்கள். யாரும் அவர்களை ஏசவில்லை. அவர்களே விரும்பி எடுத்துக்கொண்டது.

இதை எல்லாம் வீழ்ச்சி என்று சொல்லிக் கட்டுரையை முடித்துவிடலாம். நம்மில் பலர் அப்படித்தான் முடித்திருக்கிறோம். ஆனால் சேப்பாக்கம் வேறொன்றையும் பார்த்திருக்கிறது.

1999 ஜனவரி 31. பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்திருந்த பாகிஸ்தான் அணி. இந்தியா 271 எடுத்தால் வெற்றி. முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 எடுத்து, இன்னும் 17 தேவை என்ற நிலையில் சக்லைன் முஷ்டாக்கின் பந்தில் அவுட்டானார். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டத்தில் போயின. 12 ஓட்டத்தில் தோல்வி. அப்போது எனக்குப் பத்து வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பக்கத்து வீட்டு டி.வி.யின் முன் உட்கார்ந்திருந்தேன். முதலில் மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கி மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். கை தட்டுகிற அத்தனை பேரும் துரோகிகள் என்று நினைத்தேன். அப்பா, மில்லில் கணக்கு எழுதியவர், அதிகம் பேசாதவர், "நல்லா ஆடுனான்ல" என்று மட்டும் சொன்னார். யாரைச் சொன்னார் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

இந்த இரண்டு கைதட்டல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் கூட்டம் தன் அணிக்கு நேர்ந்த நஷ்டத்துக்குக் கை தட்டுகிறது. இரண்டிலும் ஒரு சிறுவனோ ஒரு டீக்கடைக்காரரோ, நம்மாள்தானே, ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்க இடமிருக்கிறது. ஆனால் 1999இல் கூட்டம் கை தட்டியது கண்முன் நடந்துவிட்ட ஒன்றுக்கு. நான்கு நாள் பார்த்திருந்தார்கள். பார்த்தது மனசில் ஏறியிருந்தது. தங்கள் ஆசைக்கு எதிராக நடந்தபோதும் அது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். 2023இல் நான் தட்டியது இன்னும் நடக்காத ஒன்றுக்கு. கண்முன் இருந்த ஜடேஜாவை நான் பார்க்கவே இல்லை. அவர் ஒரு தடுப்பு. விலகினால் தரிசனம் கிடைக்கும். நந்தி விலகினால் போதும் என்கிற மனம்தான், நந்தனாரின் தாபம் மட்டும் அதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1999இன் கைதட்டலை 'விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கும் பக்குவம்' என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. எந்தப் பக்கமும் சேராமல், இரண்டு தரப்பிலும் நல்லதை ரசிக்கிறேன் என்று சொல்பவனுடைய கைதட்டலுக்கு விலை இல்லை. அவன் எதையும் இழக்கவில்லை. சேப்பாக்கத்துக் கூட்டம் இந்தியா ஜெயிக்க வேண்டும் என்று நாள் முழுவதும் தவித்த கூட்டம். அந்தத் தவிப்பைக் கொடுத்துத்தான் அந்தக் கைதட்டலை வாங்கினார்கள். ரசிகனுக்குக் கட்சி வேண்டும். அந்தக் கட்சி தோற்கும்போதும் அவனுக்குக் கண் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தால் அவன் வெறும் வேடிக்கை பார்ப்பவன், அல்லது வெறியன்.

3

சரி, கட்சி வேண்டும். எந்தக் கட்சி?

எங்கள் ஊர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரை அட்டைப்பெட்டியில் போட வேண்டுமானால் பண்டம் அந்த வட்டாரத்தில் கிண்டியதாக இருக்க வேண்டும். ஒரு இனிப்புக்கு இருக்கும் இந்த நிர்ப்பந்தம் ஒரு கிரிக்கெட் அணிக்கு இல்லை. 2008இல் ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு எடுக்கப்பட்ட ராஞ்சிக்காரர் சென்னையின் 'தல' ஆனார். ஆகக்கூடாது என்பதல்ல. வந்தவரை ஊர் தன்னவராக ஏற்றுக்கொள்வதில் ஒரு அழகும் இருக்கிறது. ஆனால் 'சென்னை' என்ற சொல் அந்தப் பெயரில் என்ன பொருள் தருகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

2023 மே 29 அன்று அகமதாபாதில் இறுதி ஆட்டம். சென்னைப் பையன் சாய் சுதர்சன், குஜராத்துக்காக 47 பந்தில் 96 எடுத்தார். அவரை வீழ்த்தியவர் சென்னைக்காகப் பந்து வீசிய இலங்கையின் மதீஷ பத்திரன. ராஜபாளையத்தில் நண்பர் வீட்டு மாடியில் நாங்கள் குதித்தோம். அதே சேப்பாக்கத்தில் 2013இல் இலங்கை ஆட்டக்காரர்கள் யாரும் ஆடக்கூடாது என்று மாநில அரசு சொல்லி, அப்படியே நடந்தது. இருபது வயது பத்திரனவிடம் எந்தக் குற்றமும் இல்லை. அவர் பந்து அருமையானது. என் கேள்வி எங்களைப் பற்றியது. 2013இன் கோபம் உண்மை என்றால் அது எங்கே போயிற்று? போய்விட்டது என்றால், நாங்கள் எதையாவது யோசித்துத் தீர்த்துக்கொண்டோமா, அல்லது மஞ்சள் சட்டை அதை மூடிவிட்டதா? யோசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தமிழ்நாடு என்று நிஜமாகவே ஒரு அணி இருக்கிறது. ரஞ்சிக் கோப்பையை 1954-55இலும் 1987-88இலும் வென்ற அணி. அது ஆடும் நாளில் சேப்பாக்கத்தில் காலரிகள் காலி. நானும் ஒரு ரஞ்சி ஆட்டத்துக்கும் போனதில்லை. ஊர்ப்பற்று, மொழிப்பற்று என்று நம் விசுவாசத்துக்கு நாமே கொடுக்கும் விளக்கங்கள் இந்த ஒரு இடத்தில் அடிபட்டுப் போகின்றன.

ட்ரினிடாடின் ஸி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளிவந்த 'பியாண்ட் எ பௌண்டரி'யில் தன் இளமைக்கால கிளப்புகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு நிறம், ஒரு வர்க்கம். கறுப்பரான அவர் படித்தவர் என்பதால் மாநிறக்காரர்களின் மேப்பிள் கிளப்பில் இடம் கிடைத்தது. கறுப்பர்களின் ஷானன் கிளப்பை விட்டு மேப்பிளில் சேர்ந்தார். அந்தத் தேர்வு தன் ஜனங்களிடமிருந்து தன்னைப் பிரித்து, தன் அரசியல் வளர்ச்சியைப் பல வருஷங்கள் தாமதப்படுத்திவிட்டது என்று பின்னாளில் தன்னையே விசாரித்துக்கொள்கிறார். அந்த விசாரணை சாத்தியமானது, கிளப் என்பது அங்கே ஒரு அர்த்தத்தைச் சுமந்திருந்ததால். தவறாகத் தேர்வு செய்யவும் முடிந்தது. மஞ்சளைத் தேர்ந்ததில் நான் என்ன தவறு செய்திருக்க முடியும்? நீலத்தைத் தேர்ந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? தவறு செய்யவே முடியாத ஒரு தேர்வு, தேர்வு அல்ல என்றுதான் தோன்றுகிறது.

4

ஆனாலும் என் விசுவாசம் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அதுதான் பொய்.

சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு 2015 ஜூலையில் இரண்டு வருஷம் தடை விதித்தது. தோனி புனேக்குப் போனார், ஜடேஜாவும் ரெய்னாவும் குஜராத்துக்கு. அந்த இரண்டு வருஷமும் யாருக்காகப் பார்ப்பது என்று தெரியாமல் டி.வி.யை அணைத்தவர்களில் நானும் ஒருவன். 2018இல் அணி திரும்பி வந்தது. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம். காவிரிக்காகப் போராடியவர்கள் மறித்தார்கள், மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது, மீதி ஆட்டங்கள் புனேக்குப் போயின. தண்ணீர் கேட்டவர்கள் மேல் எனக்கு அன்று கோபம் வந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். ஆயிரம் பேர் அளவில் ரசிகர்கள் தனி ரயிலில் சென்னையிலிருந்து புனேக்குப் போனார்கள். அவர்களை ஏமாளிகள் என்று ஒரு வார்த்தையில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2025இல் சென்னை முதல் தடவையாகக் கடைசி இடத்தில் முடிந்தது. அப்போதும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

ராஜபாளையத்தில் விசுவாசம் என்று பேச்செடுத்தால் நாயில் போய்த்தான் முடியும். 2005இல் தபால்தலையில் ஏறிய வெள்ளை நாய். ஒரே எஜமானனை ஒட்டிக்கொள்வது அதன் குணம் என்பார்கள். ஆனால் உவமை பொருந்தவில்லை. நாய்க்கு எஜமானன் சோறு போடுகிறான். இங்கே சோறு போடுகிறவன் ரசிகன். டிக்கெட்டும் சட்டையும் அவன் பணம், அவன் டி.வி. முன் உட்காரும் மூன்றரை மணி நேரம்தான் விளம்பரக்காரனுக்கு விற்கப்படும் சரக்கு. கணக்குப் புத்தகத்தில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது, விற்கும்போது மட்டும் விலை வரும். எங்கள் விசுவாசம் அங்கேதான் பதிவாகிறது. அணியை ஆரம்பித்த சிமெண்ட் கம்பெனியே 2024 டிசம்பரில் இன்னொரு சிமெண்ட் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அணி அதற்கு முன்பே தனிக் கம்பெனியாகப் பிரிந்துவிட்டிருந்ததால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எதன் மேல் இந்த விசுவாசம் என்பதற்கு என் கவுண்டரில் ஒரு பதில் கிடைத்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக ஆனபோது என் வங்கியின் பெயரும் மறைந்தது. பலகை மாறியது, செலானின் நிறம் மாறியது. ஒரு பெரியவர் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் உள்ளே வருகிறார். திருத்தினால், "ஏதோ ஒண்ணு. முப்பது வருஷமா இங்கனதான வாரேன்" என்கிறார். அவர் விசுவாசம் வங்கியின் மேல் இல்லை, அந்த முப்பது வருஷத்தின் மேல். எனக்கும் அப்படித்தான். 2008இலிருந்து என் வாழ்க்கையில் நடந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஆட்டம் இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் யாரோடு ஆட்டம் என்று என்னால் சொல்ல முடியும். அணியை விட்டுவிட்டால் அந்த வருஷங்களைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? இது சின்ன விஷயம் இல்லை. கம்பெனிக்கும் இது தெரியும். அவர்கள் விற்பது எங்கள் வருஷங்களை எங்களுக்கே.

அந்த இறுதி ஆட்டத்தை முடித்துவிடுகிறேன். மழையால் 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறியது. தோனி வந்த முதல் பந்திலேயே அவுட். நாங்கள் யாருக்காகக் காத்திருந்தோமோ அவர் போய்விட்டார். இரவு ஒன்றரை மணிக்கு, இரண்டு பந்தில் பத்து ஓட்டம் தேவை. ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு ஃபோரும் அடித்தார். தோனி அவரைத் தூக்கிக்கொண்டார். மாடியில் எல்லோரும் கத்தினார்கள். எனக்கு டீக்கடை ஞாபகம் வந்தது. அந்தப் பத்து ஓட்டத்தைத்தான் அன்று முதல் தடவையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் பத்து வருஷம் ஜடேஜாவைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

2025 நவம்பரில் ஜடேஜா ராஜஸ்தானுக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு சஞ்சு சாம்சன் வந்தார். பரிவர்த்தனை என்றே சொன்னார்கள், சரியான சொல்தான். ஊரில் ஒரு வாரம் துரோகம் என்ற சொல் அடிபட்டது. யார் யாருக்குச் செய்தது? அவர் விக்கெட் விழுந்தபோது கை தட்டியவர்களுக்கு அந்தச் சொல்லை உபயோகிக்க உரிமை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

5

கடைசியாக, நமக்குள்.

நம் வட்டம் சின்னது. இருநூறு பேர் இருப்போம். நம்மிடம் கட்-அவுட் இல்லை, பாலாபிஷேகம் இல்லை. ஆனால் இதழ் கைக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? நம்மவர் எழுதிய பக்கம் எங்கே என்று பார்த்துப் புரட்டுகிறோம். இடையில் இருக்கும் கவிதைகள் சீக்கிரம் அவுட்டாக வேண்டிய ஆட்டக்காரர்கள். ஒரு நாவல் வந்தால், அது என்ன செய்திருக்கிறது என்று பார்க்கும் முன்பே, நம் ஆசான் அதைப் பற்றி என்ன சொல்வார் என்று மனம் முந்திக்கொள்கிறது. எழுத்தாளர்கள் முகாம் மாறினால் நாமும் துரோகம் என்கிறோம். விமர்சனம் என்ற பெயரில் நம்மில் நடப்பதில் பெரும்பகுதி இன்னும் இறங்காத ஒருவருக்கான கைதட்டல்தான்.

முகாமே வேண்டாம், எல்லோரிடமும் உள்ள நல்லதைப் பார்ப்போம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு விலை இல்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன். இந்தப் பத்திரிகையின் கட்சியில்தான் நான் இருக்கிறேன். இது தோற்றால் எனக்கு வலிக்கும். கேட்பதெல்லாம், எதிர்த்தரப்பிலிருந்து ஒரு நல்ல பந்து வந்து நம் ஸ்டம்பைச் சாய்க்கும்போது அதைப் பார்த்தோம் என்று சொல்லும் சுரணை.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு யோக்கியதை இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன், நமக்கு ஆகாத தரப்பைச் சேர்ந்த ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். கடுமையான மதிப்புரை. நண்பர்கள் பாராட்டினார்கள். அந்தத் தொகுப்பில் மில் சங்கு ஊதியபின் காலியாகக் கிடக்கும் தெருவைப் பற்றி ஒரு கவிதை இருந்தது. அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தெருவில்தான் நான் குடியிருக்கிறேன். அதை நான் பார்த்ததில்லை என்று அந்தக் கவிதையால்தான் தெரிந்தது. மதிப்புரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

நல்ல கவிதை. இப்போது எழுதுகிறேன்.